பிடு

தளியில் ஐஸ் விழாது.
பனிதான்.
அதுவும் வெயில் ஏறினால் போய்விடுகிற பனி.
ஆனால் நேற்றுச் சாயங்காலம்
கோஸ் சருகும் மருந்து நாற்றமும் போக
குட்டியானையைக் குழாயடியில் கழுவியவன் நான்.
ஈரத்தோடு கொண்டுவந்து நிறுத்தி
ஹேண்ட்பிரேக்கைக் கடைசிப் பல்வரைக்கும்
இழுத்தவனும் நான்தான்.

காலை மூன்றே முக்கால்.
பதினெட்டுப் பெட்டி ரோஜா ஏறியாயிற்று.
லிவரை இறக்கி ஃபர்ஸ்ட் போட்டால்
வலது சக்கரம் சுற்றிச் சுற்றிச் செம்மண்ணைத் தோண்டுகிறது,
இடது சக்கரம்
காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

ஒரு ராத்திரித் துரு.
டிரம்மோடு ஷூ ஒட்டிக்கொண்டது என்று
தேன்கனிக்கோட்டை அன்வர் போனில் சொன்னான்,
போர்வைக்குள்ளிருந்தே.
"தட்டு. சுடுதண்ணி ஊத்து. முன்னே பின்னே ஆட்டு.
ஏன்டா, மட்டமான எடத்துல
எதுக்குடா ஹேண்ட்பிரேக்கு?"

எதுக்கு.

பதினேழு வருஷத்துக்கு முன்னால்
தொப்பூர் இறக்கத்தில்
கிரானைட் லாரியில் நான் கிளீனர்.
மாதையன் அண்ணன் மிதித்த பெடல்
பஞ்சு மூட்டைக்குள் போவது போல உள்ளே போனது.
முதுகுக்குப் பின்னால் அத்தனை டன் கல்லும்
எங்களைவிட அவசரமாக வந்துகொண்டிருந்தது.
அதற்கப்புறம் நினைவில் இருப்பது ஒன்றுதான்:
கடப்பாரையால் நெம்பி அவரை வெளியே எடுத்தபோதும்
அந்த வலது கால்
மிதித்தபடியே இருந்தது.

அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும் இழுப்பேன்.
பெட்ரோல் பங்கில், ஓட்டல் வாசலில், ரயில்வே கேட்டில்,
ஒருமுறை, தட்டு மாதிரி இருந்த
கிரிக்கெட் மைதானத்தின் நடுவில்.
ஒன்பது பல். காதால் எண்ணுவேன்.
ஒன்பதும் கேட்டால்தான் சாவியை உருவுவேன்.

இதையெல்லாம் அன்வரிடம் சொல்ல நேரமில்லை.
ஓசூர் மார்க்கெட்டில் ஆறு மணிக்கு ரோஜாவுக்கு விலை,
எட்டு மணிக்கு அது வெறும் பூ.

கெம்பம்மா வந்தாள்.
கட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள்,
இந்த வண்டி போகாவிட்டால் அவளுக்கும் பாதிதான்.
பாலிஹவுஸ் ஆட்களின் டீக்குக் கொதித்த கெட்டிலை
அப்படியே தூக்கிவந்து டிரம்மில் ஊற்றினாள்.
ஆவிக்குள் அவள் முகம் காணாமல் போயிற்று.
நான் அடியில் மல்லாந்து கிடந்து
வீல் ஸ்பானரால் தட்டிக்கொண்டிருந்தேன்.
முதுகுக்குக் கீழே ஈர மண்.
தளியில் ஐஸ் விழாது என்று
எவன் சொன்னான்.

"பிடு" என்றாள்.
சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.
"பிடு, பிடு."
அவள் கன்னடத்தில் அதற்கு விடு என்று அர்த்தம்.
என் காதுக்குள் வந்து சேர்கிறபோது
பிடி.
இரண்டையும் கேட்டுக்கொண்டே அடித்தேன்,
எந்தச் சொல்லுக்காக அடிக்கிறேன் என்று தெரியாமல்.

ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ். ஃபர்ஸ்ட். ரிவர்ஸ்.

டொக்.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது.
என் வயிறு மட்டும் தொப்பூர்வரை போய்வந்தது.
கெம்பம்மா கெட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள்.
டீக்குத் தண்ணீர் இல்லை.
யாரைத் திட்டுகிறாள் என்று கேட்க நிற்காமல்
கிளம்பிவிட்டேன்.

மத்திகிரிவரைக்கும்
பெடலைத் தொட்டுத் தொட்டே ஓட்டினேன்,
தூங்குகிற பிள்ளையின் மூக்கில்
விரல் வைத்துப் பார்க்கிறவனைப் போல.
இருக்கிறது. இருக்கிறது.
லேசாகக் கருகல் வாடை, அவ்வளவுதான்.

மார்க்கெட் வாசலில் ஒரு துளிச் சரிவு உண்டு.
கியரில் நிறுத்தினேன்.
பின் சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்தேன்.
மறுபடி ஏறி உட்கார்ந்து, சும்மா உட்கார்ந்து,
பார்த்தால் கை லிவர்மேல் இருக்கிறது.
அதை எடுத்து
பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

டீக்கடை இருபதடிதான்.
மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.